தாயின் பிரிவும் கட்டிளமை உள்ளமும்

கட்டிளமைப் பருவத்தினரின் உளநலம் பற்றிப் பேசப்புகுவோர் பெரும்பாலும் தாயிடமே முதலிற் செல்வர். மகன் படிப்பிற் பின்தங்கினாலும் மகள் பேச்சின்றி ஒதுங்கினாலும் "தாய் எங்கே?" என்ற வினாவே எழும். அவள் கடல்கடந்து பணிப்பெண்ணாகச் சென்றிருப்பின், விடை கிடைத்துவிட்டதெனச் சமூகம் அமைதி கொள்ளும். அவ்வமைதி நேர்மையானதுதானா என்பது ஈண்டு நோக்கற்பாலது.

1980களிலிருந்து மத்திய கிழக்குக்கு வீட்டுப் பணிப்பெண்களாகச் செல்வோர் தொகை இலங்கையிற் பெருகிற்று. கண்டி மகியங்கனை வீதியிலுள்ள குண்டசாலை, திகனைப் பகுதிகளிலும் அயற்றோட்டங்களிலும், பாட்டியோ மூத்த மகளோ அடுப்பு மூட்டும் வீடுகள் உள. 2013இல் அரசு "குடும்பப் பின்னணி அறிக்கை" என்னும் நடைமுறையைக் கொணர்ந்து, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுடைய தாய் வேலைக்காக வெளிநாடு செல்வதைத் தடுத்தது. 2022இல் அந்நியச் செலாவணி வற்றியபோது அவ்விதி தளர்த்தப்பட்டது. பிள்ளையின் நலனே குறிக்கோளாயின், டொலர் அருகியவுடன் அந்நலன் சுருங்குவானேன்? தந்தைக்கு அத்தகைய தடை விதிக்கப்படவேயில்லை என்பதையும் மறத்தற்கில்லை.

உளவியலும் இப்பழிக்குச் சிறிது துணைபோயிற்று. ஜோன் போல்பி 1951இல் உலக சுகாதார நிறுவனத்துக்கு எழுதிய அறிக்கை, தாயன்பை இழந்த குழந்தையின் உளநலம் குன்றும் என வற்புறுத்தியது. 1972இல் மைக்கேல் ரட்டர் அக்கருத்தை மீளாய்ந்தார். பிரிவு யாவும் ஒருதன்மையன அல்ல. பிரிவைக் காட்டிலும் வீட்டின் ஓயாப் பூசலே பல வேளைகளிற் பிள்ளையின் நடத்தையைச் சீர்குலைக்கிறது என்பது அவர் துணிபு.

எனினும் தாயின் இன்மை பிள்ளையை வருத்தாது என்று கூறுவோமாயின் அது பொய்யாகும். வருத்தும். ஆயின் ஒன்றுக்குக் காரணமாயிருத்தல் வேறு, குற்றவாளியாதல் வேறு. பெருந்தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1000 ரூபாவை எட்டுவதற்கே 2021ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கடனும் குடியும் நெருக்கும் லயன் அறையில் தாய் தங்கியிருப்பின் மாத்திரம் மகளின் மனம் மலர்ந்துவிடுமோ? அவளைப் புறப்படச் செய்த நிலைமைகளை விசாரிக்காது அவளையே விசாரிப்பது எளிது. அதனாற்றான் செய்கிறோம் போலும்.

சட்டம் எண்ணிய வயது ஐந்து. பதினான்கு வயதுப் பிள்ளை அக்கணக்கில் இல்லை. எஞ்சிய குடும்பமோ அப்பிள்ளையின் தலையில்தான் இறங்குகிறது. 'நான் யார்?' என்னும் வினாவோடு போராடுவதே இப்பருவத்தின் பணி என்றார் எரிக் எரிக்சன். தம்பியருக்குச் சோறு வடித்து, தந்தையின் முகக்குறிப்பறிந்து நடக்கும் சிறுமிக்கு அப்போராட்டத்துக்கு நேரமேது? அவளை நாம் "பொறுப்பான பிள்ளை" என்று மெச்சுகிறோம். அம்மெச்சுதல் அவள் வாயை அடைத்துவிடுகிறது. களைத்துவிட்டேன் என்று அதன்பின் அவள் யாரிடம் சொல்வாள்?

என்னோடு படித்த ஒருத்தியை ஆசிரியர் பலரும் இவ்வாறே மெச்சினர். தாய் சவூதியில் இருந்தார். க.பொ.த. சாதாரணதரப் பரீட்சைக்கு அவள் தோற்றவில்லை. தாயில்லா வீடு, என்ன செய்வது என்றார்கள். தந்தை வீட்டில்தான் இருந்தார்.