கணக்கு யார் கையில்?

அப்புத்தளை டவுனில் இருக்கும் வங்கிக்குத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒருவர் போய்வர எவ்வளவு செலவாகும்? பஸ் காசை மட்டும் சொன்னால் கணக்குத் தவறும். வங்கி திறந்திருப்பது வேலை நாளில். வேலை நாளில் டவுனுக்குப் போனால் ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போய்விடும். 2024 செப்டம்பரில் ஒரு பேருக்கான அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாய் ஆனது. தம்பேதன்னைப் பக்கமிருந்து பத்துக் கிலோமீட்டர் வளைந்து வளைந்து வரும் பஸ்ஸில் ஏறி, வரிசையில் நின்று, ஐயாயிரம் ரூபாய் எடுத்துக்கொண்டு திரும்பும் ஒருத்தி அந்தக் காசில் கால்வாசிக்கு மேல் இழந்துவிட்டுத்தான் வீடு சேர்கிறாள். ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு எல்லோரும் டவுனுக்கு வருகிறார்கள். அன்றைக்கு வங்கிக் கதவு பூட்டியிருக்கும்.

அதனால்தான் கொழும்பில் துணிக்கடையில் வேலை செய்யும் என் தங்கை, "இன்னமும் ஏன் பேங்குல போய் நிக்கிறீங்க அக்கா, போன்லயே எல்லாம் முடிஞ்சிரும்" என்று சொல்லும்போது எனக்குக் கோபம் வருவதில்லை. அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நேஷன்ஸ் டிரஸ்ட் வங்கி 2017-இல் தொடங்கிய ஃப்ரீமி போன்ற செயலியில், கிளை வாசலை மிதிக்காமலே கணக்குத் திறக்கலாம். 2015-இல் வந்த உடனடிப் பணமாற்று முறையால் இரவு பத்து மணிக்குக் கொழும்பில் அனுப்பிய காசு அந்த நிமிடமே இங்கே வந்துவிடுகிறது. முன்பெல்லாம் பதுளை ரயிலில் ஊருக்கு வரும் தெரிந்தவர் யாரென்று தேடி, கடித உறைக்குள் காசை வைத்துக் கொடுத்துவிட்டு, சேர்ந்ததா என்று தெரியாமல் இரண்டு நாள் தவித்திருப்போம். அந்தத் தவிப்பை அனுபவித்தவர்கள் செயலியைப் பழிக்க மாட்டார்கள்.

இன்னொன்றும் உண்டு, அதைப் பெண்கள்தான் சொல்ல முடியும். வங்கிப் புத்தகம் லயத்து வீட்டில் எங்கே இருக்கும்? தகரப்பெட்டியில், அடையாள அட்டையோடும் பிள்ளைகளின் பிறப்புச் சாட்சிப் பத்திரத்தோடும் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் சுற்றி இருக்கும். ஒரே அறையில் குடும்பமே புழங்கும் வீட்டில் அந்தப் பெட்டி எல்லோருக்கும் தெரியும். மீதி எவ்வளவு என்பது குடிக்கிற புருஷனுக்கும் தெரியும். தங்கையின் கணக்கு அவளுடைய போனுக்குள், அவளுடைய விரல் ரேகைக்குள் இருக்கிறது. சீட்டுக் கட்டுவதற்கென்று அவள் ஒதுக்கும் காசை யாரும் மோப்பம் பிடிக்க முடியாது. தோட்டத்துப் பெண்ணுக்குத் தன் காசைப் பிறர் கண்ணுக்குத் தெரியாமல் வைத்துக்கொள்ள இதற்குமுன் இவ்வளவு நல்ல இடம் கிடைத்ததில்லை.

இதையெல்லாம் ஒப்புக்கொண்ட பிறகும் அம்மாவின் பணத்தை எங்கே போடுவது என்ற கேள்வி எங்கள் வீட்டில் பல வாரமாக முடியாமல் இழுத்தது.

அம்மாவுக்கு ஐம்பத்தைந்து வயதாகிவிட்டது. முப்பது வருடம் கொழுந்து எடுத்தவர். நாட்சம்பளக்காரருக்குச் சேவைக்காலப் பணம் வருடத்துக்குப் பதினான்கு நாள் சம்பளம் என்ற கணக்கு. முப்பது வருடத்துக்கு 420 நாள். 2024-இல் வந்த 1,350 ரூபாய்ப்படி 5,67,000 ரூபாய். இதோடு சேமலாப நிதி. அவர் சம்பளத்தில் மாதாமாதம் பிடித்த நூற்றுக்கு எட்டும், தோட்டம் போட்ட பன்னிரண்டும், வட்டியும். அவர் வாழ்நாளில் பார்த்த ஆகப்பெரிய தொகை இதுதான். இதற்குப் பின் சம்பளம் கிடையாது. சேமலாப நிதிக்கு விண்ணப்பிக்கும்போதே எந்த வங்கி, எந்தக் கணக்கு என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த இடத்தை நிரப்பும்போதுதான் யோசனை வந்தது.

மலையகத்தில் காசு எப்போதும் இன்னொருவர் கை வழியாகவே வந்திருக்கிறது. எங்கள் முன்னோர் கடல் கடந்து வரும்போதே, ஆள் சேர்த்து வந்த கங்காணியிடம் வாங்கிய முன்பணம் தலையில் ஏறிவிடும். அந்தக் கடனைக் கட்டினால் ஆளை விடுவதாக எழுதிய துண்டு கையில் இருந்தால்தான் அடுத்த தோட்டத்துக்குப் போகலாம். எவ்வளவு கடன் என்று எழுதி வைத்தவர் கங்காணி. கடன்பட்டவருக்கு வாசிக்கத் தெரியாது. துண்டு முறையைச் சட்டம் 1921-இல் ஒழித்தது. கணக்கை இன்னொருவர் எழுத, நாம் தலையாட்டும் வழக்கம் அதோடு ஒழிந்துவிடவில்லை. முழுப் பேரா அரைப் பேரா என்று செக்ரோல் பதிவேட்டில் விழுந்ததைச் சம்பள நாளில் கேட்டுத்தான் தெரிந்துகொள்வோம்.

வங்கிகள் இந்த மலைக்குப் புதிதாக வந்தவையல்ல. அட்டனில் 1888-இலேயே வங்கி தொடங்கியது. அட்டன் நேஷனல் வங்கியின் வேர் அதுதான். தோட்டத் துரைமாருக்காகத் துரைமாரே தொடங்கியது. அதன் காசுப்பெட்டியிலிருந்து கூலி புறப்பட்டது. கூலிக்காரருக்கு அதில் கணக்கு இருக்கவில்லை. 1948-இல் குடியுரிமைச் சட்டம் வந்து எங்கள் ஆட்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். 2003-ஆம் ஆண்டுச் சட்டம்வரை இழுத்த அந்தக் காலத்தில் அடையாள அட்டையே கையில் இல்லாதவர் எந்தக் கவுண்டரில் போய் என்ன காட்டுவார்? அதனால் என் அம்மாவின் பெயர் அச்சடித்த ஒரு வங்கிப் புத்தகம் எனக்குச் சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

அதற்காகக் கல்லுக் கட்டடத்தைக் கண்டு மயங்கவும் கூடாது. 1869-இல் நம் மடுல்சீமைப் பக்கம் கோப்பி இலையில் தென்பட்ட துரு நோய் தோட்டங்களைத் தின்று முடித்தபோது, அவற்றுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் வங்கியும் சாய்ந்தது. 1884 மே மாதம் அது கதவை மூடியது. அதன் நோட்டுகள் ஊரெங்கும் புழங்கிக்கொண்டிருந்தன. ஆளுநர் ஆர்தர் கோர்டன் அந்த நோட்டுகளுக்கு அரசாங்கத்தைப் பொறுப்பாக்கியதால்தான் கையில் வைத்திருந்தவர்கள் தப்பித்தார்கள். காசைக் காப்பாற்றியது அரசின் உத்தரவாதம். கட்டடம் இருந்தும் உதவவில்லை. இன்றைக்கும் அப்படித்தான். உரிமம் பெற்ற வங்கி விழுந்தால் ஒரு வைப்பாளருக்கு 11 லட்சம் ரூபாய்வரை வைப்புக் காப்புறுதி உண்டு. ஃப்ரீமியில் திறக்கும் கணக்கும் உரிமம் பெற்ற ஒரு வங்கியின் கணக்குத்தான். ஈசி கேஷ் போலப் போனில் ஏற்றி வைக்கும் காசு வேறு வகை. அதற்கு வட்டி இல்லை, அது வைப்பும் ஆகாது. இந்த வித்தியாசத்தைத் தோட்டத்தில் யாரும் வந்து விளக்கிச் சொல்வதில்லை.

ஆகவே பயம் வங்கி விழுவதைப் பற்றியதல்ல. அம்மாவின் போனைப் பற்றியது. அந்தப் போன் பெயருக்குத்தான் அம்மாவுடையது. அண்ணன் மகன் அதில் விளையாடுவான்; ரீலோட் போடுவதும் அவனே. வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்தால் ஆங்கிலத்தில் வருகிறது. அவன்தான் வாசித்துச் சொல்கிறான். செயலியைப் போட்டுக் கொடுத்தால் இரகசிய இலக்கத்தை அவன்தான் அடிப்பான். ஓ.டி.பி. வந்தால் அவனுக்குத்தான் தெரியும். கெட்ட பிள்ளையல்ல. ஆனால் கங்காணியின் இடத்தில் ஒரு பதினேழு வயதுப் பையன் வந்து உட்கார்கிறான் என்பதை நான் எப்படிக் காணாததுபோல் இருப்பேன்? பரிசு விழுந்திருக்கிறது, இலக்கத்தைச் சொல்லுங்கள் என்று நல்ல தமிழில் பேசிக் கறக்கும் அழைப்புகள் இப்போது லயத்துக்கும் வருகின்றன. தொகை போன பிறகு யாரிடம் போய் நிற்பது?

கிளையில் நிற்க இடமுண்டு. இதை ஒருநாள் கண்ணால் பார்த்தேன். டவுனில் ஒரு வங்கியில் எனக்கு முன்னால் வயதான ஆயா ஒருவர், பக்கத்தில் மகன். சேமிப்பை முழுக்க எடுக்கும் படிவத்தை மகன் நிரப்பி நீட்டினார். கவுண்டரில் இருந்த பிள்ளை அதை வாங்கி வைத்துக்கொண்டு, "நீங்க கொஞ்சம் அங்க உக்காருங்க அண்ணே" என்றாள். பிறகு ஆயாவைக் கிட்டக் கூப்பிட்டு, "முழுசா எடுக்கவா ஆயா? எதுக்கு?" என்று கேட்டாள். ஆயா மை ஒற்றிய பெருவிரலைக் காகிதத்தில் வைக்காமல் அப்படியே தூக்கிப் பிடித்திருந்தார். கொஞ்ச நேரம் யோசித்து, பாதி போதும் என்றார். படிவம் கிழிந்தது, புதுப் படிவம் வந்தது. பின்னால் வரிசை முணுமுணுத்தது. செயலி இந்தக் கேள்வியைக் கேட்காது. தடங்கலில்லாமல் வேலை முடிவதையே அது பெருமையாகச் சொல்கிறது. ஆயாவைக் காப்பாற்றியது அந்தத் தடங்கல்தான்.

எல்லா நாளும் அப்படி ஒரு பிள்ளை இருப்பாள் என்று சொல்ல மாட்டேன். சிங்களத்தில் மட்டும் இருந்த படிவத்தைக் கையில் திணித்து, தமிழ் தெரிந்த அலுவலர் லீவு என்று சொல்லி அம்மாவைத் திருப்பி அனுப்பிய வங்கியும் உண்டு. அன்றைக்கு ஒரு பேர் போனது. தமிழில் படிவம் கேட்பது எங்கள் உரிமை. அதைக் கேட்டு வாங்க டீச்சராக இருக்கும் மகள் கூடப் போக வேண்டியிருக்கிறது என்பது எனக்கு இன்னும் வலிக்கிறது.

அடகைச் சொல்லாமல் விட முடியாது. ஜனவரியில் பள்ளிக்கூடம் திறக்கும்போது எத்தனை தோடு, எத்தனை சங்கிலி வங்கிக் கவுண்டரைத் தாண்டிப் போகிறது என்பது எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் புதுச் சப்பாத்தைப் பார்த்தாலே தெரியும். தராசும் இரும்பு அலுமாரியும் இல்லாத வங்கியில் நகையை எங்கே வைப்பது? கிளை இல்லாத ஊரில் அந்தத் தோடு கந்து வட்டிக்காரரிடம்தான் போகும்.

2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியது. அப்புத்தளைக்குக் கீழே, எங்களுக்குத் தெரிந்த சனம். உயிர்களோடு தகரப்பெட்டிகளும் மண்ணுக்குள் போயின. நகை போனால் போனதுதான். புத்தகம் போனால், அடையாள அட்டைக்கு மறுபிரதி எடுத்து வங்கிக்குப் போய் நின்றால் கணக்கு அங்கே இருக்கும். பெட்டியில் வைக்காமல் வங்கியில் போடு என்று அம்மாவிடம் நான் வாதாடத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். ஆனால் 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் பதுளை மாவட்டத்தைச் சிதைத்தபோது பாதையும் போனது, கரண்டும் போனது, சிக்னலும் போனது. கிளைக்குப் போக வழியில்லை, செயலி திறக்கவில்லை. அம்மாவின் அரிசிப் பானைக்குள் இருந்த சில ஆயிரம்தான் கடையில் செல்லுபடியானது. அந்தப் பானைக் காசை எடுத்து வங்கியில் போடச் சொல்லி நான் இனி வற்புறுத்த மாட்டேன்.

பிரித்தானியாவில் 2015 முதல் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட வங்கிக் கிளைகள் மூடப்பட்டிருக்கின்றன. செயலியில் ஆட்கள் சேரச் சேர, கிளை நட்டம் என்ற கணக்கு வருகிறது. என்னைப் போன்றவர்கள் எல்லோரும் போனுக்கு மாறிவிட்டால் அப்புத்தளைக் கிளையில் மிஞ்சுவது அம்மாவும் அந்த ஆயாவும்தான். அவர்களுக்காக மட்டும் யார் விளக்கைப் போட்டு வைப்பார்கள்? ஆகவே செயலி என் போனில் இருந்தும், என் சம்பளக் கணக்கைக் கிளையிலிருந்து நான் எடுக்கவில்லை.

அம்மாவின் விஷயத்தில் முடிவுக்கு வந்துவிட்டோம். வேலை நின்றபின் டவுனுக்குப் போனால் பேர் போகும் என்ற பயம் அவருக்கு இல்லை. வங்கி வரிசை இனி அவருக்குச் செலவு வைக்காது. பணம் டவுனில் உள்ள அரச வங்கிக்கு, அவர் பெயரில் மட்டும். அண்ணன் முகம் சுளித்தபோதும், கூட்டுக் கணக்கு வேண்டாம் என்று நான் உறுதியாக நின்றேன். சேவைக்காலப் பணத்தை மூன்று நிலையான வைப்பாகப் பிரிக்கிறோம்; அவசரத்துக்கு ஒன்றை உடைத்தாலும் மற்ற இரண்டின் வட்டி கெடாது. மாத வட்டி சேமிப்புக் கணக்கில் விழும். அதை ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போகும்போது ஏ.டி.எம்.மில் எடுத்துக்கொள்ளலாம். அட்டையின் இரகசிய இலக்கம் என்னிடம்கூடச் சொல்லப்படாது.

தங்கை மட்டும் இன்னும் விடவில்லை. அம்மா வாழ்நாள் முழுக்கப் பயந்துகொண்டே இருக்க வேண்டுமா என்று கேட்கிறாள். தீபாவளிக்கு வரும்போது வங்கியின் செயலியை அம்மாவின் போனில் போட்டு, மீதி பார்க்க மட்டும் பழக்கப் போகிறாளாம். பார்க்கப் பழகட்டும், அனுப்பப் பழக வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கிறேன். அதிலும் ஒரு நிபந்தனை: திரையைத் தமிழுக்கு மாற்றிவிட்டுத்தான் அம்மா கையில் கொடுக்க வேண்டும், அண்ணன் மகன் கையில் அல்ல.