முதலில் விதைக்கு

ஆங்கிலத்தில் 'ஹஸ்பண்ட்' என்றால் கணவன் என்பது எல்லோருக்கும் தெரியும். அதே சொல் வினையாகவும் முன்பு புழங்கியது. கையில் இருப்பதை வீணடிக்காமல், அடுத்த பருவத்துக்கும் வரும்படி பேணிச் செலவிடுவது என்று பொருள். பழைய நார்ஸ் மொழியில் வீட்டுக்கு உடையவனைக் குறித்த சொல், ஆங்கிலத்தில் நிலத்தைப் பேணுவதற்கும், பிறகு பணத்தையும் உடல்வலுவையும் பேணுவதற்கும் ஆனது. இன்று அந்த வினை பேச்சில் அருகிவிட்டது. நம் கால்நடைப் பராமரிப்புத் துறையின் ஆங்கிலப் பெயரில் அதன் வேர் இன்னும் இருக்கிறது.

அந்த வினையின் முழுப் பொருளையும் கொடைக்கானல் மேல்மலையில், குழந்தை வேலப்பர் கோயில் கொண்டிருக்கும் பூம்பாறையில் பார்க்கலாம். ஊரைச் சுற்றிய சரிவெல்லாம் படிப்படியாக வெட்டிய வயல்கள். ஓடிப்போகும் மழைநீரை ஒவ்வொரு படியும் நிறுத்தி, மண்ணையும் காக்கிறது. இங்கெல்லாம் விளையும் கொடைக்கானல் மலைப்பூண்டு 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது.

பூண்டுக்குப் பல்தான் விதை. ஒரு ஹெக்டேருக்குச் சுமார் 500 கிலோ வேண்டும். சமைக்கவும் விற்கவும் ஆகிற அதே பூண்டைத்தான் ஊன்றியாக வேண்டும். பெரிய பல்லை ஊன்றினால் பூண்டு திரளும். பொடிப்பல்லை ஊன்றினால் சிறுக்கும். விற்றது போக மிஞ்சியதை விதைக்கு வைப்பவரின் விளைச்சல் பருவத்துக்குப் பருவம் மெலியும். நல்ல விலை போகும் திரண்ட பூண்டை முதலில் விதைக்கு ஒதுக்கிவிட்டு, மற்றதை வடுகபட்டிப் பூண்டுச் சந்தைக்கு அனுப்புவதே பயிரைக் காக்கும் வழி.

நாமோ சேமிப்பு என்றால் செலவு போக மிஞ்சுவது என்று பழகிவிட்டோம். பகலெல்லாம் உழைத்துக் களைத்த பிறகு, தூங்கப்போகும் நேரத்தில் பிள்ளைகளோடு பேசுகிறோம். வேறு வேலை இல்லாதபோது படிக்கிறோம். நோய் வந்த பிறகு உடம்பைக் கவனிக்கிறோம். வளர வேண்டியவற்றுக்கெல்லாம் கடைசியில் கிடந்ததைக் கொடுத்துவிட்டு, ஏன் வளரவில்லை என்று வருந்துகிறோம்.

சிறந்ததை எடுத்துவைப்பது கஞ்சத்தனம் ஆகாது. கஞ்சன் வைத்தது பெட்டியிலேயே கிடக்கும். விதைக்கு வைத்தது மண்ணுக்குள் போய்ப் பல மடங்காகி, பல வீட்டு அடுப்புக்கும் போய்ச் சேரும்.

இன்று உங்கள் மனம் தெளிந்திருக்கும் நேரம் எது என்று பாருங்கள். அதில் ஒரு மணி நேரத்தை, நாளைக்கு வளர வேண்டிய ஒன்றுக்கு முதலிலேயே ஒதுக்குங்கள். மற்ற வேலைகள் அதற்குப் பிறகு வரட்டும்.