இறக்கையின் கீழ் ஒரு கொக்கி

கற்பிட்டிக் குடாநாட்டில், ஒரு புறம் களப்பும் மறுபுறம் கடலுமாகக் கிடக்கும் மணலில், விமானப்படை வானிலிருந்து தரையைச் சுட்டுப் பழகும் திடல் ஒன்று உண்டு. அங்கே விழும் குண்டு யாரையும் கொல்ல விழுவதில்லை, கை பழகவே விழுகிறது. அதில் பாவபுண்ணியம் பேச என்ன இருக்கிறது என்று கேட்டால் பதில் சொல்வது கடினம். 'பயிற்சிதானே' என்ற ஒரு சொல்லில் பேச்சு முடிந்துவிடுகிறது. அப்படி முடிய விடக்கூடாது என்றே நான் நினைக்கிறேன். கொல்வது சரியா என்ற கேள்வியைப் போர் மூண்ட பிறகு கேட்பது காலம் கடந்த கேள்வி. அதைக் கேட்க வேண்டிய இடம் பள்ளிக்கூடம். வானத்தில் அந்தப் பள்ளிக்கூடத்தின் பெயர் பயிற்சி விமானம்.

அந்த விமானத்தைச் சற்றுக் கிட்ட நின்று பார்ப்போம். இத்தாலிய வடிவமைப்பாளர் ஸ்டெலியோ ஃப்ராத்தி வரைந்து, 1964இல் முதன்முதல் பறந்த சிறு விமானமே பின்னர் சியாய் மார்க்கெட்டி எஸ்.எஃப். 260 ஆயிற்று. முன்னிருக்கைகள் இரண்டும் பக்கம் பக்கமாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டுப்பாட்டுத் தண்டு. மாணவன் தண்டைத் தவறாக இழுத்தால், பக்கத்தில் இருக்கும் ஆசான் தன் தண்டைப் பிடித்து விமானத்தை நிமிர்த்திவிடலாம். பிழை செய்யலாம், பிழையைத் திருத்தவும் நேரமுண்டு என்ற நம்பிக்கையின் மேல் கட்டப்பட்ட இயந்திரம் அது. எழுபதுகளில் அதன் இறக்கையின் கீழ் குண்டும் ரொக்கெட்டும் மாட்டக் கொக்கி வைத்து ஒரு போர் வடிவம் வந்தது. 1985இல் இலங்கை விமானப்படை இந்த வகை விமானங்களை வாங்கியது. வடக்கில் அவை வீடும் கோவிலும் பள்ளிக்கூடமும் இருக்கும் ஊர்களுக்கு மேலே குண்டுடன் சுற்றின. சனங்கள் அதற்கு வைத்த பெயர் 'சியாமாசெட்டி'. அந்தப் பெயரைக் கேட்டுப் பதுங்குகுழிக்கு ஓடிய ஒருவருக்கும் அது மாணவர்களுக்காகப் பிறந்த விமானம் என்று தெரிந்திருக்க வழியில்லை. திருத்துவதற்கென்று செய்த ஒன்றில், கை விட்டால் திரும்பப் பெற முடியாத ஒன்றைத் தொங்கவிட்டார்கள். எனக்கு இதில் மிகவும் உறுத்துவது இந்த முரண்தான்.

இது தமிழருக்கு மட்டும் நேர்ந்ததுமல்ல. 1959 முதல் இலங்கைக்கு வந்த ஜெட் ப்ரொவோஸ்ட் டி.51 பயிற்சிக்கான விமானம், ஆனால் துப்பாக்கியுடன் வந்தது. 1971 கிளர்ச்சியில் அதே விமானங்கள் தெற்கின் சிங்கள இளைஞர்கள் மேல் ஏவப்பட்டன. பயிற்சி விமானம் மலிவானது, மெதுவாகத் தாழப் பறக்கக்கூடியது, எதிரியிடம் விமானம் இல்லாதபோது அதுவே போதுமானது. ஆகவே பல நாடுகளில் அது திரும்பியது அந்தந்த நாட்டின் சொந்த மக்கள் பக்கம். அயல்நாட்டுப் படையை எதிர்க்கவே இந்தத் தயாரிப்பு என்பவர்கள் நம் நாட்டின் இந்த இரண்டு உதாரணங்களுக்கும் முதலில் பதில் சொல்லட்டும்.

கருவி குற்றமற்றது, கைதான் குற்றவாளி என்பார்கள். கற்பிட்டியில் கருவாட்டுக்கு மீன் பிளக்கும் கத்தியாலும் ஆளைக் குத்தலாமே என்பார்கள். குத்தலாம். ஆனால் ஆளைக் குத்துவதற்கென்று அந்தக் கத்தியில் எதுவும் தனியாகச் செய்து வைக்கப்படவில்லை. கொக்கி அப்படிப்பட்டதல்ல, குண்டு மாட்டுவதற்கென்றே அது வைக்கப்பட்டது. புகாரி தொகுப்பின் முதல் ஹதீஸ் நிய்யத்தை, அதாவது எண்ணத்தைப் பற்றியது. இந்தக் கரையில் ஓதப் பழகும் சிறு பிள்ளைக்கும் அது தெரியும். நிய்யத் மனதுக்குள் இருப்பதால் அதை மனிதர் பார்க்க முடியாது என்கிறோம். இந்த ஒரு விஷயத்தில் பார்க்கலாம், அது உலோகமாக இறக்கையில் முடுக்கப்பட்டிருக்கிறது. விடுதலைப் புலிகளின் ஸ்லின் 143 விமானங்களுக்கும் இதுவே அளவுகோல். செக் நாட்டில் பறக்கக் கற்பதற்கும் பயணத்துக்குமாகச் செய்த சிறு விமானம் அது. 2007 மார்ச் 26 அதிகாலை கட்டுநாயக்காவில் அது குண்டு போட்டது. அந்த விமானத்தில் கொக்கியை வைத்தது வாங்கியவர்களின் கை, ஆகவே பொறுப்பும் அவர்களுடையதே. நம் பக்கத்துக் கொக்கி என்பதால் அதன் கணக்கு குறையாது.

இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கனமானது. நன்றாகப் பழகிய விமானி குறி தவறமாட்டான், அதனால் அப்பாவிகள் தப்புவார்கள், ஆகவே பயிற்சியே கருணை என்பது. இதில் உண்மை இல்லாமலில்லை. பயிற்சியிலேயே உயிர் விட்டவர்களும் உண்டு. 2020 டிசம்பரில் கந்தளாயில் தனியே பறந்த பயிற்சி விமானி ஒருவர் இறந்தார். 2023 ஓகஸ்டில் சீனக்குடாவில் இருவர். அந்த உயிர்களை இலேசாக நினைத்து இதை எழுதவில்லை. ஆனால் குறி தவறாமை 'எங்கே' என்பதைத்தான் கற்றுக்கொடுக்கும், 'யார்' என்பதை அல்ல. உடப்பு திரௌபதியம்மன் கோவிலில் ஆடித் தீமிதிப்பு காணும் மக்களுக்குத் துரோணரைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. மரத்தில் பொம்மைப் பறவையை வைத்து, வில் பழகும் மாணவர்களிடம் என்ன தெரிகிறது என்று அவர் கேட்டார். மரம், கிளை, நிற்கும் மனிதர்கள் எல்லாம் தெரிகிறது என்றவர்கள் தோற்றார்கள். பறவை மட்டுமே தெரிகிறது என்ற அர்ச்சுனன் வென்றான். காணாமல் இருக்கப் பழக்கும் பாடம் அது. பாரதப் போரின் பதின்மூன்றாம் நாள் அதே ஆசான் வகுத்த சக்கர வியூகத்துக்குள் அந்த மாணவனின் பிள்ளை அபிமன்யு செத்துக் கிடந்தான். பயிற்சித் திடலுக்கும் அந்தப் பிணத்துக்கும் இடையே இருப்பது ஒரே நேர்கோடு.

படையே வேண்டாம் என்பது என் வாதமல்ல. வெள்ளத்தில் தவிப்பவரைத் தூக்குவதற்கும் யாரோ ஒருவர் பறக்கக் கற்றாக வேண்டும். கற்பிக்கும் விமானம் கற்பிக்க மட்டுமே இருக்கட்டும் என்கிறேன். புத்தளத்து ஜும்ஆ மேடையிலும் தலவில் அன்னம்மாள் ஆலயப் பிரசங்கத்திலும் உடப்பு, முன்னேஸ்வரம் திருவிழாக்களிலும் பேசும் பெரியவர்களை நான் கேட்பது ஒன்றுதான்: அடுத்த முறை அரசு பயிற்சி விமானம் வாங்கும்போது, அதன் இறக்கையின் கீழ் கொக்கி இருக்கிறதா என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேளுங்கள்.