கோழி கூவிய பாறை

"நம்ம ஊர்ல கொட்டாரம் எங்க ஆச்சி இருக்கு?" என்று ஏழெட்டு வயதில் கேட்டேன். எங்கள் ஊரின் பெயரே கொட்டாரம்; மலையாளம் கலந்த எங்கள் பக்கத்தில் கொட்டாரம் என்றால் அரண்மனை. முறத்தில் நெல் புடைத்துக்கொண்டிருந்த ஆச்சி நிமிரவே இல்லை. "நெல்லு கொட்டி வைக்கிற எடந்தாம்ல கொட்டாரம்."

அதுவும் பழைய தமிழ்ப் பொருள்தான். திருவரங்கம் கோயிலின் பெரிய நெற்களஞ்சியங்களுக்குக் கொட்டாரம் என்றே பெயர். எங்கள் பக்கத்தில் மலையாளம் கலந்ததிலும் வியப்பில்லை: எங்கள் தாலுகா 1956 நவம்பர் 1 அன்றுதான் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. ஆனால் எங்கள் பக்கம் நாஞ்சில் நாடு; நாஞ்சில் என்றால் கலப்பை. அரசனா நெல்லா என்று கேட்டால், நான் ஆச்சி பக்கம்.

என்னை உறங்கவிடாத பெயர் வேறு. வழுக்கம்பாறை. குமரியம்மனை மணக்கச் சுசீந்திரத்திலிருந்து இரவில் புறப்பட்டார் ஈசன் என்பது கதை. வழுக்கம்பாறைக்கு வரும்போது நாரதர் கோழியாகக் கூவினார். விடிந்துவிட்டது, முகூர்த்தம் தவறிற்று என்று மாப்பிள்ளை திரும்பிவிட்டார். ஒரு கன்னியால்தான் பாணாசுரன் என்ற அசுரன் சாக வேண்டும் என்பதற்காகவே அந்தக் கூவல். வழுக்கம்பாறை தாண்டித்தான் கொட்டாரம். அந்த இரவு சாமி எங்கள் ஊரை எட்டவில்லை.

ஊர்ப் பெயருக்குள் கதை தேடியவர்கள் வேறு நாட்டிலும் உண்டு. அயர்லாந்தில் 1830களில் வரைபட அளவாய்வுக்காக ஜான் ஓ'டோனவன் ஊர் ஊராகப் போய், சிற்றூர்ப் பெயர்களின் வேரை அங்குள்ளவர்களிடம் கேட்டு எழுதினார். கதைகள் அவர் கடிதங்களில் தங்கின. வரைபடத்தில் ஏறியது ஆங்கில எழுத்தில் பெயர் மட்டும். நம் குமரியும் வெள்ளைக்காரன் வரைபடத்தில் 'கொமோரின்' ஆனாள். வழுக்கம்பாறையும் சொல்லைப் பிரித்தால் வழுக்குகிற பாறை, அவ்வளவே. அவ்வளவேதானா?

எல்லாம் அறிந்த ஈசன் பொய்க் கூவலுக்கு ஏமாறுவானா? பல வருஷம் இதோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். ஏமாறவில்லை என்றே இப்போது நினைக்கிறேன். கூவல் பொய்யென்று தெரிந்தும், குமரி தனித்து நின்று முடிக்க வேண்டிய காரியத்துக்கு வழிவிட்டான். அந்த விலகலும் அன்புதான். தமிழில் பெயர் என்ற சொல்லே இடம்பெயர்வதையும் குறிக்கும். அவன் பெயர்ந்துபோனான், பாறைக்குப் பெயர் நிலைத்தது.

சமைக்காமல் போன கலியாண அரிசிதான் குமரிக் கடற்கரையில் மணலாகக் கிடக்கிறது என்பார்கள். "அதுக்கு நெல்லு நம்ம கொட்டாரத்துல இருந்துதாம்ல போயிருக்கும்" என்பாள் ஆச்சி. கடலாடித் திரும்பும்போதெல்லாம் அந்த மணலில் ஒரு சிட்டிகை முந்தானையில் முடிந்துவந்து, அரிசிப் பானைக்கு அடியில் வைப்பாள்.