கரப்பான் ஓடுனா எறங்கலாம்

எங்க நைனா எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் விஞ்ஞானப் பாடம் இது: "மூடியத் தொறந்ததும் ஒடனே எறங்காத. டார்ச்சு அடிச்சுப் பாரு. செவுத்துல கரப்பான் ஓடுச்சுன்னா கீழ காத்து கீதுன்னு அர்த்தம், எறங்கலாம். ஒண்ணும் ஓடலேன்னா தலையக்கூட உள்ள நீட்டாத."

அப்போது எனக்குப் பத்து வயசு இருக்கும். வடசென்னையில் குடிசை மாற்று வாரிய வீட்டில் இருந்தோம். நைனா ஒரு காண்ட்ராக்டரிடம் தினக்கூலிக்குச் சாக்கடை அடைப்பு எடுத்தார். மூங்கில் பத்தை, இரும்புக் கொக்கி, ஒரு கயிறு. இவ்வளவுதான் அவருடைய ஆயுதம். அவருடைய கேஸ் மீட்டர் கரப்பான் பூச்சி.

கரப்பான் பூச்சியைப் பற்றி எல்லோரிடமும் ஒரு கதை இருக்கிறது. ஓட்டல் சாம்பாரில் மிதந்தது, ஆபீஸ் டிராயரில் குடித்தனம் நடத்துவது, ராத்திரி அடுப்படி விளக்கைப் போட்டால் நாலாபக்கமும் சிதறுவது என்று சொல்லிச் சொல்லி அருவருப்பார்கள். எல்லாக் கதையும் அது மேலே வந்த பிறகு தொடங்குகிறது. எங்கள் கதை அது புறப்பட்ட இடத்திலிருந்து தொடங்குகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன். சுத்தம் என்பது ஒழுக்கமா? சுத்தமாக இருப்பவன் நல்லவனா? இந்தக் கேள்வியை எனக்குள் முதலில் கிளப்பியது இந்தப் பூச்சிதான்.

பத்தாவது பரீட்சை எழுதிவிட்டு லீவில் ஒரு ஓட்டலில் கிளீனர் வேலைக்குச் சேர்ந்தேன். மேசை துடைப்பது, எச்சில் தட்டு எடுப்பது, ராத்திரி சமையல்கட்டைக் கழுவிவிடுவது. அங்கேதான் இரண்டு வகைக் கரப்பானையும் நெருங்கிப் பார்த்தேன். பெரிசாய், செம்பழுப்பாய் இருப்பது சாக்கடை வழியாய் வருவது. பாத்திரம் தேய்க்கிற இடத்தில் தண்ணி போகிற ஓட்டைக்குச் சல்லடை கிடையாது. விளக்கை அணைத்ததும் மீசை முதலில் வெளியே வரும். இன்னொன்று சிறிசு, வெளிர்ப்பழுப்பு, கழுத்தில் இரண்டு கருங்கோடு. அது சாக்கடைக்குப் போகாது. கிரைண்டர் மோட்டாருக்குள், பிரிட்ஜ் ரப்பருக்குள், சாமி படத்துக்குப் பின்னால் குடியிருக்கும். ஒரு முட்டைப் பையில் முப்பது நாற்பது குஞ்சு.

அந்தச் சிறிசுக்கு ஜெர்மன் கரப்பான் என்று பெயர். ஜெர்மனியில் சில பக்கம் அதை ரஷ்யாக்காரன் என்பார்களாம், ரஷ்யாவிலோ அதை பிரஷ்யாக்காரன் என்பார்களாம். 2024இல் மரபணுவை ஆராய்ந்தவர்கள், அது சுமார் 2100 வருஷத்துக்கு முன்பு நம் தெற்காசியப் பக்கத்தில்தான் தோன்றியது என்று கண்டுபிடித்தார்கள். ஆக, தன் வீட்டு அசிங்கத்துக்கு அடுத்தவன் பெயரை வைப்பது உலக வழக்கம். அதைச் சாதியாகவும் சாத்திரமாகவும் ஆக்கி வைத்ததுதான் நம்ம ஊர் சாமர்த்தியம்.

ஒருநாள் ஒருத்தர் சாம்பாரில் கரப்பான் கிடந்தது. கத்தினார், துட்டு கொடுக்காமல் போனார். முதலாளி கிளீனர் பையன்களை வரிசையாக நிற்க வைத்தார். சாம்பார் வைத்தது மாஸ்டர், ஊற்றியது சப்ளையர். நாங்கள் அதன் பக்கமே போகவில்லை. ஆனாலும் ஒவ்வொருத்தனாகக் கேட்டார்: "நீ எந்த ஏரியாடா?" என் முறை வந்தது. சொன்னேன். மாஸ்டர் பக்கம் திரும்பி, "அந்தப் பக்கத்துப் பசங்கள சேக்காதீங்கன்னு சொன்னேன்ல" என்றார். அத்தோடு என் வேலை போயிற்று. ஓட்டை அப்படியேதான் இருந்தது. சல்லடை அன்றைக்குப் பத்து ரூபாய்கூட இருக்காது.

வேலை போனதைவிட இன்னொன்றுதான் இன்றைக்கும் உறுத்துகிறது. அதற்கு ஒரு வாரம் முன்னால் அந்த ஓட்டலில் சாக்கடை அடைத்துக்கொண்டது. அடைப்பெடுக்க வந்தவர் எங்க பிளாக்கு ஆள்தான். பின்வாசல் வழியாக வந்தார். என்னைப் பார்த்தார். பார்க்காத மாதிரிப் போனார், என் பிழைப்பு கெடக்கூடாது என்று. நானும் பார்க்காத மாதிரி தட்டு எடுத்தேன். அவர் செய்தது பெரிய மனசு. நான் செய்தது என்ன என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இங்கே அழுக்கு X தீட்டு என்று இரண்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதில்தான் சாதியின் உயிர் இருக்கிறது. அழுக்கு கையில் ஒட்டும், சோப்புப் போட்டால் போகும். யார் கையில் ஒட்டினாலும் அழுக்கு அழுக்குதான். தீட்டு கையில் ஒட்டுவதில்லை, பிறப்பில் ஒட்டி வைக்கப்பட்டிருக்கிறது. அதற்குச் சோப்பு கிடையாது. 1927இல் மகத் சவுதார் குளத்தில் அம்பேத்கரும் மக்களும் இறங்கித் தண்ணீர் குடித்தார்கள். பிறகு சனாதனிகள் குளத்தைச் 'சுத்தம்' செய்தார்கள். எதைக் கொண்டு? மாட்டுச் சாணம், மாட்டு மூத்திரம். மனுசன் கை பட்ட தண்ணீர் அசுத்தம், சாணி கலந்த தண்ணீர் சுத்தம். எந்தச் சுகாதாரப் புத்தகத்தில் இது இருக்கிறது?

1957இல் சென்னை திருவல்லிக்கேணியில் ஒரு ஓட்டல் பலகையிலிருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எதிர்த்துப் பெரியார் மறியல் நடத்தினார். அந்தச் சொல் வாடிக்கையாளருக்கு என்ன உத்தரவாதம் தந்தது? அடுப்படியில் கரப்பான் இல்லை என்றா? இல்லை. ஆக்குகிற கை எந்தச் சாதிக் கை என்பதற்கு மட்டும் அது உத்தரவாதம். இன்றைக்கு உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006 இருக்கிறது. சாப்பாட்டில் பூச்சி போன்ற அயல்பொருள் கிடந்தால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். நல்ல சட்டம். அது யார் கை என்று கேட்பதில்லை, என்ன கிடந்தது என்றுதான் கேட்கிறது. சுத்தம் என்றால் அப்படித்தான் கேட்க வேண்டும்.

ஆனால் சட்டம் இருக்கிற ஆபீசிலும் மனசு பழைய பலகையைத்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது. நான் படித்து ஒரு ஆபீசில் குமாஸ்தா ஆனேன். அங்கே சாப்பாட்டு அறையில் கரப்பான் தொல்லை. மீட்டிங் போட்டார்கள். "கருவாடு, கவுச்சி கொண்டு வர்றதாலதான் சார்" என்றார் ஒருத்தர். யாரும் என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமலிருக்க ரொம்பச் சிரமப்பட்டார்கள். அன்றிலிருந்து நான் கருவாடு கொண்டுபோவதை நிறுத்திவிட்டேன். வாயைத் திறக்கவில்லை. கரப்பானுக்குக் கருவாடு, தயிர்சாதம் என்ற பேதம் கிடையாது. ஃபைல் ஒட்டுகிற பசையே அதற்கு விருந்து. மூணு மாசம் கழித்துப் பீரோவை நகர்த்தினோம். ஆயுத பூஜைக்குக் கொடுத்த பொரி கடலைப் பொட்டலங்கள் பின்னால் விழுந்து கிடந்தன. அதற்குள் பரம்பரை பரம்பரையாகக் குடித்தனம். "ஐயய்யோ" என்றார்கள். அதற்கு மீட்டிங் போடவில்லை.

கரப்பானைக் கொல்லாதே என்று அகிம்சை பேச நான் வரவில்லை. 'கரப்பானும் நானும் ஒண்ணு' என்று கவிதை எழுதவும் எனக்கு இஷ்டமில்லை. அந்தப் பூச்சியால் முதலில் பாதிக்கப்படுவது நாங்கள்தான். வாரிய வீட்டில் என் தங்கைக்கு ராத்திரியெல்லாம் இழுப்பு. பனி ஒத்துக்கல என்றே அம்மா நினைத்தாள். 1997இல் அமெரிக்காவில் நகரங்களின் ஏழைப் பகுதிக் குழந்தைகளை ஆராய்ந்து, கரப்பான் கழிவின் ஒவ்வாமையும் அதிகமான ஆஸ்துமாவும் சேர்ந்து போவதை எழுதினார்கள். ஒழுகுகிற குழாய், விரிசல் விட்ட சுவர், உடைந்த சாக்கடை மூடி எங்கே இருக்கிறதோ அங்கே கரப்பான் இருக்கும். அது குடியிருப்பவனுடைய குணம் அல்ல, வீட்டைக் கட்டியவனுடைய கணக்கு.

உவமையை நான் மறுப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1994இல் ருவாண்டாவில் துட்சி மக்களைக் கரப்பான் என்று ஒரு வானொலி தினமும் சொல்லிக்கொண்டிருந்தது. ஏப்ரலிலிருந்து ஜூலைக்குள் பல லட்சம் பேர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். மனுசனைப் பூச்சி என்று அழைத்துப் பழகிவிட்டால், கொலைக்குச் 'சுத்தம் செய்தல்' என்று பெயர் வைத்துவிடலாம். நம் ஊரில் வானொலி தேவைப்படவில்லை. 'சாக்கடை' என்று திட்டினால் போதும், எந்தச் சனத்தைச் சொல்கிறார்கள் என்று எல்லோருக்கும் புரிந்துவிடுகிறது.

நைனாவின் பாடத்துக்கு வருகிறேன். அவருடன் வேலை செய்த ஒரு சித்தப்பா ஒருநாள் குழிக்குள் இறங்கினார். மூடி திறந்ததும் டார்ச்சு அடித்துப் பார்த்திருக்கிறார்கள். கரப்பான் ஓடியிருக்கிறது, நூறு இருநூறு. சந்தோஷமாக இறங்கியிருக்கிறார். கொக்கியால் சேற்றைக் கிளறினார். இரண்டாவது குத்தில் சத்தமில்லாமல் மடங்கி விழுந்தார். கயிற்றைப் பிடித்திருந்தது எங்க நைனா. அதன் பிறகு நைனா ரொம்ப நாள் கரப்பானைக் கண்டால் அடிக்கவும் மாட்டார், விரட்டவும் மாட்டார், பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார்.

பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டேன். நைனாவின் விஞ்ஞானம் தப்பு. ஹைட்ரஜன் சல்பைடு என்கிற விஷவாயு சேற்றுக்குள் அடைபட்டுக் கிடக்கும். கிளறும்போதுதான் குபீரென்று கிளம்பும். கொஞ்சமாக இருந்தால் அழுகின முட்டை நாற்றம் அடிக்கும். அதிகமானால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. சுவரின் மேல்பக்கம் ஓடுகிற கரப்பானுக்குச் சேற்றுக்குள் இருப்பது எப்படித் தெரியும்? அதுவோ மூச்சுத் துளைகளை மூடிக்கொண்டு வெகுநேரம் தாக்குப்பிடிக்கிற ஜந்து. மனுசனால் முடியாது.

ஆனால் தப்பு நைனாவுடையதா? வாயுவை அளக்கும் கருவி உலகத்தில் இருந்தது. அடைப்பெடுக்கும் இயந்திரமும் இருந்தது. கையால் மலம் அள்ளுவதை ஒழிக்க 1993இல் ஒரு சட்டம், சாக்கடைக் குழியையும் சேர்த்து 2013இல் இன்னொரு சட்டம். குழியில் செத்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்றது உச்ச நீதிமன்றம் 2014இல். 2023இல் அதை 30 லட்சம் ஆக்கியது. உயிரின் விலை ஏறியிருக்கிறது, இறங்குவது நின்றபாடில்லை. ஒரு மாநகரம் தன் பிள்ளையைக் குழிக்குள் அனுப்பும் முன் கரப்பான் பூச்சியிடம் உத்தரவு கேட்கச் சொல்கிறது. அதே மாநகரம் தன் காப்பி டம்ளரில் அந்தப் பூச்சியின் மீசையைக் கண்டால் ஊரைக் கூட்டுகிறது. இரண்டு இடத்துக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு குழாய்.

அதனால் என் கேள்விக்கு என் பதில் இது. சுத்தம் செய்வது நல்ல காரியம். சுத்தமாக இருப்பது அப்படியே நல்ல குணம் ஆகிவிடாது. என் அழுக்கை இன்னொருத்தன் உடம்பில் ஏற்றிவிட்டு நான் சுத்தமாக இருந்தால் அது ஒழுக்கம் அல்ல, கடன். அந்தக் கடனைத் தீட்டு என்று பெயர் மாற்றி, கடன் கொடுத்தவன் தலையிலேயே கட்டியிருக்கிறார்கள்.

இதையெல்லாம் ஊருக்குச் சொல்கிற நான் என் வீட்டுக் கதையையும் சொல்ல வேண்டும். இப்போது நான் இருப்பது அடுக்குமாடி வீடு. கடையில் விற்கிற கரப்பான் சாக்பீஸுக்கு லட்சுமண ரேகை என்று பெயர். கோடு போட்டால் தாண்டக்கூடாது. அதற்கும் அடங்காததால் மருந்து அடிக்க ஆள் வரச்சொன்னோம். இருபத்தைந்து வயசுப் பையன் வந்தான். முகமூடி இல்லை, கைக்குட்டைதான் கட்டியிருந்தான். என் மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். கரப்பானைப் பார்த்தா, மருந்து வாடையாலா, அவனைப் பார்த்தா என்று நான் கேட்கவில்லை.

வேலை முடிந்து தண்ணி கேட்டான். என் மனைவியும் எங்க சனம்தான். அவள் டம்ளர் எடுப்பதற்குள் அவனே சொன்னான்: "பேப்பர் கப்பு இருந்தா குடுங்கக்கா." நான் எவர்சில்வர் டம்ளரில் கொண்டுவந்து கொடுத்தேன். அண்ணாந்து, உதடு படாமல் குடித்தான். யார் சொல்லிக்கொடுத்த பாடமோ அது. டம்ளரைத் திருப்பித் தரும்போது, "அண்ணே, நீங்க எந்த ஏரியா?" என்றான். என் பேச்சில் எதையோ கண்டுபிடித்திருக்கிறான்.

முதலாளி கேட்ட அதே கேள்விதான். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, நான் அதற்குப் பதில் சொல்லி. சொன்னேன், பிளாக் நம்பரோடு. அவன் முகம் மலர்ந்தது. ஆனால் எதிர்வீட்டுக் கதவு திறந்திருந்தது. குரலைத் தாழ்த்தித்தான் சொன்னேன். அதையும் எழுதிவிடுகிறேன்.