ஊதலும் ஆவியும்

கொல்லி மலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்தின் ஊதொலி கேட்கலாம். இரயிலின் ஒலி கேளாது. அடிவாரத்தை அடுத்த நாமக்கல் வழியே பயணிகள் இரயில் ஓடத் தொடங்கியதே 2013-இல்தான். நீராவி எஞ்சினின் கூவலைக் கேட்க வேண்டுமாயின் மேட்டுப்பாளையம் செல்ல வேண்டும். ஆயினும், இம்மலையிலுள்ள எம் சிற்றாலயத்தின் மணி வெடித்த நாள் முதல் அக்கூவலையே எண்ணிக் கொண்டிருக்கிறோம்.

பதிவு செய்த மணியோசையை ஒலிபெருக்கியில் போட்டுவிடலாம் என்கின்றனர் பங்கு மக்களுள் சிலர். செலவும் குறைவு. அது பொய்யாகுமா?

நீலகிரி மலை இரயிலின் எக்ஸ் வகை எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரில் செய்யப்பட்டவை. அவை முதுமையுற்றபோது, திருச்சி பொன்மலைப் பணிமனையார் 2011 முதல் அதே வகையில் புதியன செய்தனர். 2021-இல் நிலக்கரியால் இயங்கும் ஒன்றும் வெளிவந்தது.

பழைய எஞ்சினைப் புதுப்பிப்போருக்கு ஊதல் ஒரு தனித் தொல்லை. கழற்ற எளிது, பித்தளைக்கு விலையுண்டு, ஆகவே காணாமற் போவதும் எளிது. வேறொன்றைப் பொருத்தினாலும் வண்டி ஓடும், குரல்தான் வேறு. ஒத்ததைத் தேட வேண்டும், அல்லது அளவெடுத்துப் புதிதாக வார்க்க வேண்டும். அதன் அமைப்பு எளியதே. வட்டமான மெல்லிய இடுக்கு வழியே சீறியெழும் நீராவி, மேலே கவிழ்ந்திருக்கும் மணி போன்ற கிண்ணத்தின் விளிம்பில் மோத, உள்ளிருக்கும் ஆவித்தூண் அதிர்கிறது. கிண்ணம் நீண்டால் குரல் தாழும், குறுகினால் உயரும். வியப்பு யாதெனில், எல்லா அளவும் பொருந்திய ஊதலையும் அழுத்தக் காற்றால் ஊதிப் பார்த்தால் சுருதி தாழ்ந்தே கேட்கும். காற்றைவிட நீராவியில் ஒலி விரைந்து செல்வதால், கொதிகலனோடு இணைத்த பின்னரே அதன் சொந்தக் குரல் வெளிப்படும். நம் தமிழ் இதனை முன்பே அறிந்திருந்தது போலும்: நீருக்கும் ஆவி, உயிருக்கும் ஆவி, நாம் வழிபடும் தூயவரும் ஆவி.

மனத்திலிருப்பதற்கு மாறாகப் பேசுவதே பொய் என்பது புனித தாமஸ் அக்குவினாஸ் தரும் விளக்கம். பொன்மலையார் புதியதைப் பழையதென்று சொல்லவில்லை. நீராவி எஞ்சினின் உருவத்தைப் போர்த்திய மின்சார எஞ்சின் ஒன்று 2023-இல் குஜராத்தின் ஏக்தா நகருக்கும் அகமதாபாத்துக்கும் இடையே ஓடத் தொடங்கியது. அதுவும் எவரையும் ஏமாற்றவில்லை. பயணிகள் அறிந்தே ஏறுகின்றனர். ஆயினும் எம் மனம் ஒப்பவில்லை. சங்கப் புலவர் பாடிய கொல்லிப் பாவை இம்மலைக்குரியதே. காண்போரை மயக்கும் பேரழகுதான், ஆனால் பாவை.

எமக்கு எதிரான வாதமும் உண்டு. அடுத்த சிற்றூரில் படுக்கையில் கிடக்கும் மூதாட்டிக்கு மூவேளைச் செபத்துக்கான அழைப்புக் கேட்டால் போதுமே! கயிற்றை இழுத்தது கையா, மின்சாரமா என்று அவர் ஆராயப் போவதில்லை. இதனை முற்றும் மறுக்க எம்மால் இயலவில்லை. ஆனால் மணியடிக்க ஒருவர் விடியலில் எழுந்து, பனியில் நடுங்கியவாறு வந்து கயிற்றைப் பிடிக்கிறார். ஒருநாள் மணி பிந்தியபோது, "உபதேசியாருக்கு உடம்புக்கு ஆகவில்லையா?" என்று கேட்டு ஆளனுப்பியவரும் அம்மூதாட்டியே. ஒலிபெருக்கி பிந்தினால் மின்தடை என்றல்லவா எண்ணியிருப்பார்?

வெடித்த மணியின் வெண்கலத்தை உருக்கி மீண்டும் வார்க்க இயலுமா எனக் கும்பகோணத்துக்கு எழுதிக் கேட்டோம். மணியின் எடையைக் கேட்டிருக்கிறார்கள். இறக்கி நிறுக்க நான்கு பேர் வேண்டும்.