அலையாத்திக் காட்டுக்குப் போகும் சகோதரர்களே!

அல்ஹம்துலில்லாஹ்! ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

அன்பிற்குரிய சகோதரர்களே! விடுமுறை வந்தால் நம் பிள்ளைகள் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குக் கிளம்புகிறார்கள். போகட்டும். பூமியில் பயணம் செய்து படைப்பைப் பாருங்கள் என்று அல்லாஹ் குர்ஆனில் நம்மை அழைக்கிறான். ஆனால் எதைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறோம்?

காவிரியின் கடைசிக் கிளையாறுகள் கடலில் சேரும் இடம் அது. சாலை கிடையாது, நடைபாதை அரிது. படகில்தான் போக வேண்டும். கரையில் கால் வைத்தால் சேறு உள்ளே இழுக்கும். அந்தச் சேற்றுக்குள் காற்று இல்லை. அதனால் அலையாத்தி மரத்தின் வேர்கள் விரல் விரலாக மேலே நீட்டி மூச்சு விடுகின்றன. குடிப்பதோ உப்புத் தண்ணீர். மிஞ்சிய உப்பை இலை வழியே வெளியேற்றிவிடுகிறது. சேற்றில் நிற்கும் மரத்துக்கே மூச்சுக்கு வழி வைத்த ரப்பு, கடனிலும் நோயிலும் தவிக்கும் உங்களை மறந்துவிடுவானா?

2004 டிசம்பர் 26 சுனாமியில் இந்தக் காடு அலையின் வேகத்தைத் தடுத்து, பின்னால் இருந்த ஊர்களுக்கு அரணாக நின்றது. 2018 நவம்பர் 16 கஜா புயலில் நம் தென்னந்தோப்புகள் சாய்ந்தபோது இந்த மரங்களும் ஒடிந்தன. நம்மைக் காத்த காட்டுக்கு நாம் என்ன செய்கிறோம்? தண்ணீர் பாட்டிலையும் பிரியாணிப் பொட்டலத்தையும் அதன் வேரிலேயே வீசிவிட்டு வருகிறோம்!

மக்கள் நடக்கும் பாதையிலும் ஒதுங்கும் நிழலிலும் அசுத்தம் செய்வது சாபத்துக்குரியது என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்றும் சொன்னார்கள். படகு போகும் ஓடையும் பாதைதான் சகோதரர்களே!

எனவே வனத்துறை அனுமதியோடு போங்கள். மூன்று பேர் பயணம் போனாலும் ஒருவரை அமீராக்கச் சொன்னது நம் மார்க்கம். தண்ணீரில் படகோட்டியின் சொல்லைக் கேளுங்கள். ஓதம் ஏறுவதும் வடிவதும் அவருக்குத்தான் தெரியும். நம்மை நாமே அழிவில் தள்ளிக்கொள்வது தவக்குல் ஆகாது. தொழுகை நேரம் படகிலேயே முடிந்துவிடும் என்றால் அங்கேயே தொழுங்கள். நிற்க முடியாவிட்டால் உட்கார்ந்து தொழலாம். கொண்டுபோன குப்பையைத் திரும்பக் கொண்டு வாருங்கள். பறவைகள் அடையும் இடத்தில் பாட்டுப் போட்டுக் கூச்சலிடாதீர்கள்.

ஒரு முஸ்லிம் நட்ட மரத்தில் பறவை உண்டாலும் அது அவருக்கு ஸதகா. அல்லாஹ்வே நட்டு வைத்த காட்டைப் பாதுகாப்பவருக்கும் அவனிடம் கூலி உண்டு என்று ஆதரவு வைப்போம்.

யா அல்லாஹ்! உன் அத்தாட்சிகளைக் கண்டு சிந்திப்பவர்களாக எங்களையும் எங்கள் பிள்ளைகளையும் ஆக்குவாயாக! எங்கள் ஊர்களையும் ஆறுகளையும் காடுகளையும் பாதுகாப்பாயாக! ஆமீன்.